வாய்க்குள் குடியிருப்பவர்கள்

படூர்
8 ஜனவரி 2025

அன்புள்ள பிரபா,

இங்கே நான் நலம் என்று எழுதிவிட்டு, நீ பார்க்கிறபடி, அதன் மேல் கோடு போட்டிருக்கிறேன். வேறு தாள் எடுத்திருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் ஆய்வகத்தில் பதிவேடு எழுதியவன் நான். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அடித்தது தெரியும்படி விட்டே பழக்கமாகிவிட்டது.

தினமும் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ தனியாகவா இருக்கிறாய்? பக்கத்தில் நிதின் நிற்கிறான், ஸ்வாதி படுத்திருக்கிறாள், பேரன் அழுகிறான். உன்னிடம் ஒன்று கேட்டால் மூன்று பேர் பதில் சொல்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குத் தபால் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று கேளம்பாக்கம் தபால் நிலையத்தில் சொன்னார்கள். எனக்கு அந்தப் பத்து நாள் தேவைப்படுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. லிஃப்ட் மறுபடியும் ஓடவில்லை. உன் கறிவேப்பிலைச் செடி உயிரோடு இருக்கிறது, மல்லிகை கொஞ்சம் கோபமாக இருக்கிறது. சிறுசேரி கம்பெனி பஸ்கள் காலையில் நம் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, அதில் ஒரு மாற்றமும் இல்லை. பொங்கலுக்கு அசோசியேஷனில் கோலப்போட்டி வைத்திருக்கிறார்கள். நீ இல்லாததால் இந்தமுறை வேறு யாருக்காவது பரிசு கிடைக்கும்.

இனி விஷயம். என் வாய்க்குள், இடது கடைவாய் ஓரம், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். துடைத்தாலும் போகவில்லை. அக்டோபர் மாத மழையிலேயே பார்த்துவிட்டேன். நீ அப்போது ஸ்வாதிக்குப் பிரசவ மருந்துப்பொடி இடித்துக்கொண்டு, பெட்டியின் எடையை வீட்டுத் தராசில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். சொன்னால் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்திருப்பாய். நீ போனபிறகு அது பெரிதானது. மேலண்ணம் பூராவும் சிவந்துவிட்டது. ரசம் பட்டாலே எரிகிறது. இரண்டு மாதமாகத் தயிர்ச்சோறுதான், அதுவும் பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கிறது.

போன் கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். கேமரா நன்றாக இருக்கிறது. நான்தான் ஆறு கிலோ இளைத்துவிட்டேன், அதை நீ பார்க்க வேண்டாம் என்று பார்த்தேன்.

உன்னிடம் மறைக்க முடிந்தது, கன்னியம்மாவிடம் முடியவில்லை. கோவளத்திலிருந்து மீன் கூடையோடு வந்தவள், கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூஞ்சி இப்டி ஒட்டிப்போயி கீது? அம்மா ஊருக்குப் போனதும் சோறே துன்றதில்லியா?" என்று கேட்டாள். வாய்ப்புண் என்றேன். "வாய்ப்புண்ணுன்னு ஊட்லயே குந்திக்கினு கீறீங்களே, ஆஸ்பத்திரி இன்னாத்துக்குக் கட்டி வுட்டுக்கீறாங்க?" என்று கத்திவிட்டுப் போனாள். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மானம் போனது ஒரு பக்கம், ஆனால் மறுநாளே கிளம்பிவிட்டேன்.

நம் காசிநாதன் மகள் சஹானா, செங்கல்பட்டில் பல் கிளினிக் வைத்திருக்கிறாள், நினைவிருக்கிறதா? நம் குவார்ட்டர்ஸில் சைக்கிள் ஓட்டப் பழகி, உன் மேலேயே வந்து மோதினாளே, அவள்தான். திருப்போரூர் வழியாகப் பேருந்தில் போனேன். நன்றாகப் பார்த்தாள். சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தவள், அந்தத் திட்டைப் பார்த்ததும் சிரிப்பதை நிறுத்தினாள். "அங்கிள், புகையிலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க ஆரம்பித்த ஜர்தா வெற்றிலை, பதினெட்டு வருடம் விடவில்லை என்று சொன்னேன். பல்லெல்லாம் அதனால்தான் போனது என்றும் சொன்னேன். சாயங்காலம் சாயங்காலம் நீ என் சட்டைப் பையைத் துழாவிப் பொட்டலத்தை எடுத்து வீசுவாய், நான் மறுநாள் வேறு வாங்குவேன் என்பதைச் சொல்லவில்லை. இன்று ஊசி போட்டு, திட்டிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்திருக்கிறாள். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம். புற்றுநோயா இல்லையா என்று பார்ப்பதற்குத்தான். அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு எழுதும்போது மட்டும் எழுத வருகிறது.

இப்போதே போனில் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய். ஸ்வாதிக்கு வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை. பயல் பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அம்மா இல்லாத பெண், உன்னை நம்பித்தான் இருக்கிறாள். அதனால் தபாலில் சொல்கிறேன். இது உன் கைக்கு வரும்போது முடிவு என் கைக்கு வந்திருக்கும்.

பிரபா, நீ எத்தனையோ தடவை சொன்னாய், நான் கேட்கவில்லை. கெட்ட செய்தியாக இருந்தால் இதை மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள். நல்ல செய்தியாக இருந்தால் ஆசை தீரத் திட்டு. எப்படியானாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் காலுறை போடாமல் நடக்காதே.

உன்
ராகவன்


படூர்
20 ஜனவரி 2025

அன்புள்ள பிரபா,

புற்றுநோய் இல்லை. மற்றதை எல்லாம் இதற்குக் கீழே மெதுவாகப் படி.

இன்று காலை உனக்குப் போன் செய்து, 'சின்ன வாய்ப்புண்தான், மருந்து போடுகிறேன், பழைய கடிதம் ஒன்று வரும், அதைப் படித்துப் பயப்படாதே' என்று சொன்னேன். 'என்ன கடிதம்?' என்று நீ கேட்பதற்குள் நிதின் குழந்தையைக் காட்ட ஆரம்பித்துவிட்டான். நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமை சஹானா கூப்பிட்டாள். பேருந்தில் போகும்போது என்னென்னவோ கணக்குப் போட்டேன். இறங்கிக் கிளினிக் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். அவள் வாசலுக்கே வந்து, "அங்கிள், ஒண்ணும் இல்ல, பூஞ்சை, பூஞ்சை" என்று இரண்டு முறை சொன்னாள். பூஞ்சை என்ற வார்த்தையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். காசிநாதனிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்து ஒட்டியது இல்லையாம். பாதிப்பேருடைய வாயில் பிறந்த நாளிலிருந்தே குடியிருக்கிறதாம். நம் வாயில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியா இருக்கிறது, அதற்கு நடுவில் இதுவும் ஓர் ஓரமாக, உருண்டையாக, சத்தம் போடாமல் இருக்கும். இடத்தையெல்லாம் பாக்டீரியா பிடித்து வைத்திருப்பதால் இதற்குக் கால் நீட்ட வழியில்லை. பஸ்ஸில் எல்லோரும் இறங்கிவிட்டால் ஒருவன் மட்டும் மூன்று சீட்டில் படுத்துக்கொள்வானே, அந்த மாதிரி, பாக்டீரியா செத்தால் இது உருண்டையாக இருப்பதை விட்டு நூல் நூலாக நீண்டு சதைக்குள் இறங்குமாம். பரிசோதனையில் அந்த நூலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பாக்டீரியாவை யார் கொன்றது என்று கேட்டேன். "நீங்கதான் அங்கிள்" என்றாள். நவம்பரில் இருமல் வந்ததா? மருந்துக் கடைக்குப் போய், போன வருடம் சாப்பிட்ட அதே ஆண்டிபயாடிக்கைப் பெயர் சொல்லி வாங்கி ஐந்து நாள் போட்டேன். நிற்கவில்லை என்று இன்னும் ஐந்து நாள் போட்டேன். சளி கேட்டதோ இல்லையோ, வாயில் இருந்த நல்லவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வீசிங்குக்கு உறிஞ்சுகிறேனே அந்த மருந்து, அதை உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்க வேண்டுமாம். மூன்று வருடமாக நான் கொப்பளித்ததே இல்லை. வாயின் காவல்காரனைத் தூங்கவைக்கிற மருந்து அது. எல்லா பாக்டீரியாவும் பூஞ்சையை அடக்குவதில்லை என்றும் சொன்னாள். சில வகை அதோடு கூட்டணி போட்டு, ஒன்றாக ஒட்டிக்கொண்டு படலமாகப் படியுமாம். எங்கே படியும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். மின்நிலையத்துக்குக் கடல்நீர் உள்ளே வரும் இடத்தில் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, என்ன ஒட்டியிருக்கிறது என்று சுரண்டி எண்ணுவது. முதல் நாளே கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பு வரும். அதன் மேல் பாசி வரும். அதன் மேல் படகில் ஒட்டுமே கொட்டலசு, அதன் குஞ்சு வந்து உட்காரும். வழுவழுப்பை விட்டுவிட்டால் மற்றது எல்லாம் தானாக வரும், தகட்டை வெளியே எடுத்து உலரவைத்தால் ஒன்றும் வராது. புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். வீட்டுக்கு வந்தால் நீ என் சட்டையை முகர்ந்துவிட்டு, இன்று எத்தனை வாரத் தகடு என்று சரியாகச் சொல்வாய். அப்படிப்பட்ட நான் ஒன்பது வருடமாக ஒரு தகட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன், எடுத்து உலரவைத்ததே இல்லை.

சஹானா கேட்டாள், "பல்செட்டை ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுடறீங்க இல்ல?" என்று. ஆமாம்மா என்றேன். பொய்தான். உனக்கும் தெரியாது. பகலில் பாத்ரூமில் கழுவிவிட்டு உடனே மாட்டிவிடுவேன். மாட்டிக்கொண்டேதான் தூங்குவேன்.

ஏன் என்று எழுத வேண்டும். போனில் சொல்ல முடியாதது இதுதான், மற்றதெல்லாம் சாக்கு. எனக்குப் பல் முழுவதும் எடுத்த மாதத்தில் நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாய். அதற்கு முன்னால் இருபத்தேழு வருடம் இந்தப் பக்கம் பார்த்துத்தான் படுப்பாய், பேசிக்கொண்டே தூங்கிவிடுவாய். நான் குறை சொல்லவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கும் மோவாயும் முட்டிக்கொண்டு, கண்ணாடியில் எனக்கே சகிக்கவில்லை, நீ மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? ஆனாலும், என்றைக்காவது நீ இந்தப் பக்கம் திரும்பினால் அன்று வாயில் பல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் கழற்றவில்லை.

நீதான் இப்போது ஊரிலேயே இல்லையே என்று கேட்பாய். பயலுக்குப் பால் கொடுக்க நீங்கள் எழுந்திருக்கும் ஒரு மணி, இங்கே விடிகாலை ஐந்தரை. அப்போதுதான் சில நாள் நீ தனியாகக் கூப்பிடுகிறாய். பல் இல்லாமல் பேசினால் பாதி எழுத்து காற்றாகப் போகும், நீ கண்டுபிடித்துவிடுவாய். அறுபத்தெட்டு வயதில் இதென்ன வெட்கம் என்று எனக்கே கோபம் வருகிறது. ஆனால் இருக்கிறது, என்ன செய்ய?

பயல் நாக்கில் மாவு பூத்தது போல வெள்ளையாக இருக்கிறது, பால் கட்டியிருக்கிறது என்று போன வாரம் சொன்னாய். துணியைச் சுற்றித் துடைக்காதே. அதுவும் இதே பூஞ்சையாக இருக்கலாம் என்று சஹானா சொல்கிறாள். கைக்குழந்தைக்குக் காவல் இன்னும் பழகவில்லை, அதனால் வருமாம். அங்கே டாக்டரிடம் காட்டு. ஸ்வாதிக்குப் பால் கொடுக்கும்போது மார்பில் வலி இருக்கிறதா என்றும் கேள், இதைப் போனில் எல்லோர் நடுவிலும் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மருந்து போட வேண்டுமாம்.

எனக்குத் தடவ ஒரு மருந்து கொடுத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை. சரியாகிவிடும். கவலைப்படாதே என்று எழுதினால் நீ கேட்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன்
ராகவன்


ஸ்டுட்கார்ட்
4 பிப்ரவரி 2025

நிதின் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைக் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு படித்தேன், இந்த வீட்டில் தனியாக உட்கார வேறு இடம் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் படித்தேன். தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்வாதி கதவைத் தட்டி, "அத்தை, வாந்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அங்கே பொய் சொல்ல, நான் இங்கே சொல்ல, குடும்பம் நன்றாக நடக்கிறது.

இனிமேல் தபால் தாமதமாக வரும் என்ற தைரியத்தில் உண்மை பேசாதீர்கள். அந்தப் பத்து நாள் நீங்கள் தனியாக அந்த வீட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நான் இங்கே பயலுக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதை நான் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

பயலுக்கு நீங்கள் சொன்னதுதான். வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சொட்டு மருந்து கொடுத்தார்கள், ஸ்வாதிக்கும் தடவ மருந்து. பாவம் அந்தப் பெண், வலியைச் சொன்னால் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உங்கள் கடிதம் வந்ததால்தான் கேட்டேன், கேட்டதும் அழுதுவிட்டாள். இப்போது இரண்டு பேருக்கும் பரவாயில்லை.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று நான்கு நாளாக யோசித்தேன். பிறகு நீங்களே எழுதும்போது எனக்கு என்ன என்று தோன்றியது.

பல் எடுத்து, புதுச் செட் வந்த முதல் வாரம், நீங்கள் பாத்ரூமில் விளக்கைப் போடாமல், குழாயை மட்டும் திறந்து கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் பார்த்துவிட்டேன். சத்தம் கேட்டதும் கையால் வாயை மூடிக்கொண்டீர்கள். இவருக்கு நான் பார்ப்பது பிடிக்கவில்லை, நான் பார்க்கிறேன் என்ற பயத்தில் தூங்கும்போதுகூடக் கழற்றாமல் கஷ்டப்படுவார் என்று நினைத்தேன். அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நீங்கள் நிம்மதியாகக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கட்டும் என்று.

ஒன்பது வருடம். ஒரே பக்கமாகப் படுத்து வலது தோள் பிடித்துக்கொண்டு, அதற்கு எத்தனை தைலம், எத்தனை டாக்டர், நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். சுவரில் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் என்று எப்படி நினைத்தீர்கள்? உங்களுக்கு மூளை எங்கே போயிற்று? எனக்குத்தான் எங்கே போயிற்று, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

சஹானாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றே கழற்றி வையுங்கள். கடிதம் கிடைத்தது என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குப் புரிந்துவிடும். முன்னாலேயே வந்துவிடுகிறேன் என்றால் நீங்கள் விடமாட்டீர்கள், ஸ்வாதியும் இப்போதுதான் மாடிப்படி இறங்குகிறாள். மார்ச் பத்தாம் தேதி டிக்கெட்டில் வருகிறேன். அதுவரை என் மனசு இங்கே இல்லை.

உங்கள்
பிரபாவதி


படூர்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரபா,

இது உனக்கு எழுதும் கடைசிக் கடிதமாக இருக்கட்டும். நீ விமானம் ஏறுவதற்கு ஓரிரண்டு நாள் முன்னால் வந்து சேரும். இனிமேல் எதையும் தபாலில் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாம்.

உன் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. லிஃப்ட் ஓடாததால் தபால்காரர் கீழே இருந்தே கூப்பிட்டார், மூன்று மாடி இறங்கிப் போய் வாங்கினேன். மேலே வருவதற்குப் பொறுமை இல்லாமல் இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். மேல்வீட்டுப் பெண் ஆபீஸ் பையோடு இறங்கி வந்து, "அங்கிள், மூச்சு வாங்குதா, யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டது. கடிதம்மா என்றேன். அதற்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே கழற்றினேன். கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் போட்டேன். சாவித் துவாரத்தில் யாரோ பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம், சொந்த வீட்டில், யாரும் இல்லாதபோது. நாக்கால் துழாவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அண்ணத்தில் காற்றுப் பட்டது. ஒன்பது வருடம் கழித்துப் படுகிறது.

திங்கட்கிழமை செங்கல்பட்டு போய்ச் சஹானாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நான்கு வாரம் மருந்து தடவியும் ஆறாமல், விழுங்கும்போதும் வலிக்க ஆரம்பித்திருந்ததால், அவளுக்கே சந்தேகம் இருந்ததாம். கழற்றிய செட்டைப் புரட்டிப் பார்த்து, "இதுல உங்க பழைய கடல் பூராவும் இருக்கு அங்கிள்" என்றாள். தொண்டைக்குள் இறங்காமல் இருக்க மாத்திரையும் கொடுத்திருக்கிறாள். புதுச் செட் செய்ய அச்சு எடுத்திருக்கிறாள், அது வர ஒரு மாதம் ஆகும். அதுவரை பழையதைச் சாப்பிடும்போது மட்டும் போடலாம், மற்ற நேரம் கூடாது. ஆக, தெருவில் போகும்போதும் இதே வாய்தான்.

ஒன்பது நாளில் எவ்வளவோ மாறிவிட்டது. திட்டு பாதியாகக் கரைந்திருக்கிறது. முழுதும் போகிறதா என்று மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், அதை விடமாட்டேன். நேற்று மிளகு ரசம் வைத்தேன். எரியவில்லை. புளிப்பு தெரிந்தது, பிறகு உப்பு போதாதது தெரிந்தது. நின்றுகொண்டே மூன்று டம்ளர் குடித்தேன்.

கன்னியம்மாவுக்குக் கதவைத் திறக்கும்போது வாயை மூட நினைத்தேன், மூடவில்லை. ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அட, இதுக்கா சார் இத்தினி நாளா இறுக்கிக்கினு இருந்தீங்க? எங்க ஊட்டுக்காரரு பத்து வருசமா இப்டித்தான் கீறாரு, முள்ளு எடுத்துக் குடுத்தா வவ்வாலு மீனு வரைக்கும் துன்னுவாரு" என்று சொல்லி, நெத்திலி எடுத்துக் கொடுத்தாள். பல் வேண்டாத மீனாம்.

போன ஞாயிறு வீடியோவில் வந்தேன் அல்லவா? நிதின் சின்ன வயசில் என்னை அண்ணாந்து பார்த்தது போலப் பார்த்தான். ஸ்வாதி பயலைத் தூக்கிக் காட்டினாள், அவன் கொட்டாவி விட்டான், அவன் வாயும் என் வாயும் ஒன்றுபோல இருந்தன. அப்போது நீ எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய், பார்வையை எடுக்கவில்லை.

வரும்போது சாக்லெட் மூட்டை கட்டாதே. முழங்கால் வலிக்கப் பெட்டியைத் தூக்காதே, அங்கே தள்ளுவண்டி இருக்கும். ஸ்வாதிக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நான் மீனம்பாக்கத்துக்கு வந்துவிடுவேன், இதே வாயோடுதான் நிற்பேன், நீயாகத்தான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உன் தோள் வலிக்குக் காரணம் நான் என்று தெரியாமல் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். கட்டிலை இழுத்துச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டிருக்கிறேன். வேறொன்றும் கேட்கமாட்டேன் பிரபா. வந்த அன்று எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், இந்தப் பக்கம் திரும்பிப் படு.

உன்
ராகவன்